கரையாத ஜெல்லி

ஜெல்லியக்காவுக்கு இப்போதெல்லாம் கரண்டியைக் கண்டால் பயம். சர்க்கரை டப்பாவில் கிடக்கும் சின்னக் கரண்டிதான். அதை எடுத்துப் புருஷனின் வாயருகே கொண்டுபோகும் போதுதான் அந்தப் பயம். சாப்பாட்டு வேளை நெருங்க நெருங்கக் கடிகாரத்தையே பார்க்க ஆரம்பித்துவிடுவாள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐந்து வேளையும் அவளுக்குப் பரீட்சைதான்.

அந்தத் தெருவில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மளிகைக்கடைக்காரர், கீழ்வீட்டு டீச்சர், தபால்காரர் எல்லோருக்கும் அவள் ஜெல்லியக்கா. அறுபத்திரண்டு வயதாகியும் யாரும் அவளைப் பாட்டி ஆக்கவில்லை, அந்த மட்டில் கொடுத்துவைத்தவள். இரண்டாவது மாடியில், ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டிய சமையலறையில், முப்பத்தோரு வருஷம் ஜெல்லி செய்திருக்கிறாள். முனையில் இருக்கும் பேக்கரிக்கு வாரம் மூன்று தட்டு போகும். பிறந்தநாள் வீடுகளுக்குத் தனியாகப் போகும்.

கடையில் விற்கும் பொடியை அவள் தொட்டதே இல்லை. ஆட்டுக்காலைக் கழுவி, வெட்டி, சிறு தீயில் ஏழு மணி நேரம் வைப்பாள். பானை கொதிக்கக் கூடாது, முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறியதும் மேலே உறைந்த கொழுப்பை வழித்தெறிந்து, முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றி மறுபடி சூடாக்கினால் அழுக்கெல்லாம் அதோடு திரண்டு வந்துவிடும். மெல்லிய துணியில் வடித்தால் கண்ணாடி மாதிரி நிற்கும். மோந்து பார்த்தால் ஆடு நின்ற தடமே தெரியாது. அதில்தான் ஆரஞ்சுச் சாறு, செம்பருத்திப்பூ ஊறிய தண்ணீர், பீட்ரூட், எலுமிச்சை எல்லாம் சேரும். சாயம், எசன்ஸ் என்று யாராவது பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சொல்லத்தானே வேண்டும். “என் ஜெல்லிக்குப் பல்லு வேணாம், நாக்குல வச்சாப் போதும், தானா கரையும்” என்பாள். கடல்பாசியில் ஜெல்லி செய்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், வாயில் கரையாத அதைத் தின்பதற்குப் பதில் அழிரப்பரைத் தின்னலாம் என்பாள். பேக்கரிக்காரர் ஒருமுறை கடல்பாசிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துச் செய்து பார்க்கச் சொன்னார். அதை மேல் அலமாரியின் கடைசியில் தள்ளினாள். பிறகு கீழே இறக்கவேயில்லை.

இவ்வளவு பேர் சப்புக்கொட்டிச் சாப்பிட்ட ஜெல்லியை ஒரே ஒரு ஆள் தொடவில்லை. அவள் புருஷன். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். “தண்ணியக் கட்டிப்போட்டு விக்கிறா என் பொண்டாட்டி” என்று டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். ஆனாலும் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும். கட்டிய புருஷன் ஒரு வாய், ஒரே ஒரு வாய், தின்று பார்க்கக் கூடாதா?

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம், ஒரு காலையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. நாக்கும் பாதிதான் வேலை செய்தது. ஆஸ்பத்திரியில் விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி வந்து அவர் தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, தண்ணீர், காபி, ரசம் எதுவும் கூடாது என்றாள். தண்ணீராகப் போவது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போய்விடுமாம். எதுவானாலும் கரண்டியில் நிற்க வேண்டும், சாய்த்தால் ஒழுகக் கூடாது. இதைச் சொல்லி, தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி ஒரு டப்பா கொடுத்தாள். அதைக் கலக்கினால் சுவரொட்டி ஒட்டும் பசை மாதிரி வந்தது. அவர் ஒரு வாய் வாங்கிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜெல்லியக்காவுக்கு அன்று வந்த தைரியம் பெரிய தைரியம். கரண்டியில் நிற்க வேண்டும், சாய்த்தால் ஒழுகக் கூடாது. அவ்வளவுதானே? தண்ணீரை நிற்க வைப்பதுதானே அவள் தொழில். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தன் முழுத் திறமையையும் காட்டி, ஆரஞ்சு ஜெல்லி செய்து, கரண்டியைச் சாய்த்துப் பார்த்து, ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்று கண்டபின் ஊட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். மெதுவாக, வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினார். நாலு கரண்டி ஆனதும் இடது கையைப் படுக்கையிலிருந்து கொஞ்சம் தூக்கி, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, காற்றை இரண்டு மூன்று தடவை தட்டினார். போடு, இன்னும் போடு என்கிறார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பது வருஷம் தொடாத மனுஷன் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அவர் தட்டத் தட்ட அவள் வேகமாக ஊட்டினாள்.

ஒன்பதாம் நாள் அவர் தொண்டையில் ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்று சொல்ல முடியாது, வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு முனகுவது போல் ஒரு கரகரப்பு. மறுநாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உணவு நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். ஊசியும் மருந்துமாகப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு விட்டார்கள். விடும்போது டாக்டர், இன்னொரு தடவை இப்படி ஆனால் அவர் தாங்க மாட்டார் என்று நேராகவே சொன்னார். அடுத்த வியாழக்கிழமை வந்து காட்ட வேண்டும். விழுங்குவது சரியில்லையென்றால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாம், பிறகு வாய் வழியாக ஒன்றும் வேண்டாம்.

பயம் அன்றிலிருந்துதான். ஜெல்லி இளகலாக இருந்ததுதான் தப்பு என்று அவளாகவே முடிவு கட்டினாள். ஒரு பங்குக்கு இரண்டு பங்காக ஆட்டுக்கால் போட்டு இறுக்கமாகச் செய்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் தொண்டையையே பார்த்து ஊட்டினாள். அவர் விழுங்கும் வரை இவளுக்கு மூச்சு வராது. தூங்கும்போது அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். பக்கத்து வீட்டில் யாராவது இருமினால்கூடப் பகீர் என்று எழுந்து ஓடுவாள். இதற்கு நடுவில் அவர் கை மட்டும் காற்றைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவ்வளவு பசியா இவருக்கு என்று அவளும் ஊட்டிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்டக்டர் வந்தார். ஒரே பஸ்ஸில் பதினாலு வருஷம் அவரோடு ஓடியவர். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டிப்போக் கதையெல்லாம் சொன்னார். ஜெல்லியக்கா ஊட்ட உட்கார்ந்தாள். மூன்றாவது கரண்டிக்கு வழக்கம்போல் கை எழும்பித் தட்டியது. அவள் நாலாவது கரண்டியை எடுத்தாள்.

“அண்ணி, நிறுத்துங்க” என்றார் கண்டக்டர். “அண்ணன் மெதுவாங்கிறாரு.”

“இல்ல தம்பி, இன்னும் கேக்குறாரு.”

“இல்லண்ணி. இது பின்னாடி வர்ற வண்டிக்குக் காட்டுறது. எதிர்ல வண்டி வருது, முந்தாத, பின்னாடியே நில்லுன்னு. பதினாலு வருஷமா பாக்குறேன். சன்னலுக்கு வெளிய வலது கையில காட்டுவாரு. இப்ப இடது கை, அவ்வளவுதான்.”

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். “அப்படியாங்க?” என்று புருஷனைக் கேட்டாள். அவர் தலையை அசைத்தார். ஒரு தடவை இல்லை, மூன்று நாலு தடவை. முதல் நாளிலிருந்து மன்றாடிக்கொண்டிருந்த தன்னை ஒரு ஆளாவது புரிந்துகொண்டானே என்று அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. ஜெல்லியக்கா அதை விரலால் துடைத்துவிட்டாள். கடைசியில், வரலாம் என்றால் எப்படிக் காட்டுவார் என்று மட்டும் கேட்டாள். கண்டக்டர் கையைப் பின்னாலிருந்து முன்னால் அகலமாக வீசிக் காட்டினார். ரோடு காலி, நீ வா என்று அர்த்தமாம்.

கண்டக்டர் போனபின் அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு மடங்கு இறுக்கிய அந்த ஜெல்லியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். மெல்லவில்லை, நாக்கை அசைக்கவில்லை. அவர் நாக்கு எப்படிக் கிடக்கிறதோ அப்படியே தன் நாக்கையும் போட்டுவைத்து, சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் ஓரம் வழுக்கியது, அப்புறம் அடி இளகியது. முள் ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் வாய் நிறையத் தண்ணீர். அவள் விழுங்கவே இல்லை, அது தானாகத் தொண்டைக்குள் இறங்கியது. புரையேறி, இருமி, தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாக்குல வச்சாப் போதும், தானா கரையும். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! எதைக் கொடுக்கக் கூடாது என்றார்களோ, அதையே ஆரஞ்சு நிறத்தில் அழகாகச் செய்து, தன் கையாலேயே அவர் நெஞ்சுக்குள் ஊற்றியிருக்கிறாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தட்டத் தட்ட ஊற்றியிருக்கிறாள். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு, அவருக்குக் கேட்கக் கூடாதே என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பெண் முழுதும் கேட்டுவிட்டு, “வாயில கரையுறது எல்லாமே எங்க கணக்குல தண்ணிதாம்மா. நான் அதைத் தனியாச் சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன்” என்றாள். வியாழக்கிழமை வரை அந்தப் பசைதான், வேறு எதுவும் கூடாது. கரையாத ஒன்றைச் செய்ய முடிந்தால் கொண்டுவரட்டும், தன் கண்முன்னால் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் டாக்டரிடம் சொல்வாளாம்.

ஜெல்லியக்கா நாற்காலி போட்டு ஏறி அந்தக் கடல்பாசிப் பொட்டலத்தை இறக்கினாள். முதல் தடவை செய்தது வாயில் மணல் மணலாக உடைந்தது. அந்தத் துண்டுகளில் ஒன்று போதும், தப்பான வழியில் போக. கொட்டினாள். இரண்டாவது நன்றாக நின்றது. அரை மணி கழித்துப் பார்த்தால் தட்டு முழுக்க நீர் கசிந்திருந்தது. அதுவும் அவருக்கு ஆகாத தண்ணீர்தானே. கொட்டினாள். மூன்றாவதில் பேரிக்காயை வேகவைத்து, மசித்து, சல்லடையில் தேய்த்துக் கூழாக்கி, கடல்பாசியைப் பாதியாகக் குறைத்துச் சேர்த்தாள். வாயில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். முள் இரண்டு சுற்றுச் சுற்றியது. வைத்தது வைத்தபடி இருந்தது. நாக்கால் மேலண்ணத்தில் லேசாக அழுத்தினால் மெத்தென்று ஒரே திரளாக இறங்கியது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. இதே நாக்கை நம்பித்தானே அவ்வளவும் செய்தாள்? பதினோரு தடவை வைத்துப் பார்த்தாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியின் அந்தச் சின்ன அறையில் அவரை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் ஜெல்லியை ஒரு துண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள், பிறகு ஸ்டெதாஸ்கோப்பை அவர் தொண்டையில் வைத்துக்கொண்டு தலையசைத்தாள். பக்கத்து அறையில் டாக்டர் குழாய்க்கான தாளோடு காத்திருந்தார். ஜெல்லியக்கா கால் கரண்டி எடுத்தாள். சாமி எல்லோரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுவிட்டு, அவர் நாக்கின் நல்ல பக்கத்தில் வைத்தாள்.

அவர் வாயை மூடினார். தாடை அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. அவள் சுவரில் இருந்த கடிகாரத்தையும் டாக்டர் அறை வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். தொண்டை மேலே ஏறி இறங்கியது.

“ஆ சொல்லுங்க ஐயா.”

“ஆ” என்றார். வறண்ட, சுத்தமான குரல். கரகரப்பு இல்லை.

இன்னொன்று கொடுங்கள் என்றாள் அந்தப் பெண். ஜெல்லியக்காவின் கை எழும்பவில்லை. அவர் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போர்வைக்குமேல் சும்மா கிடந்தது. பிறகு எழும்பியது. கவிழ்ந்து தட்டப் போகிறது என்று அவள் கரண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அது தட்டவில்லை. பின்னாலிருந்து முன்னால் அகலமாக வீசியது. அவள் அசையாமல் இருப்பதைப் பார்த்து, முன்னெல்லாம் லாரிக்காரர்களிடம் எரிந்துவிழுவாரே, அந்த முகத்தோடு இன்னொரு தடவை வீசினார்.

“என்னம்மா சொல்றாரு?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஜெல்லியக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியைக் கிண்ணத்தில் விட்டாள்.

“ரோடு காலியா இருக்காம்” என்றாள். “வரச் சொல்றாரு.”