நாற்பது நாள் படித்த நீல நோட்டு

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் உடும்பு. சங்கேதத்தில் எழுதிய தாள் ஒன்று கையில் கிடைத்தால் பொருள் விளங்கும்வரை விடமாட்டாள். தேநீர் ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். 'புள்ளிவிவரப் பிரிவு' என்று பலகை தொங்கிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, முப்பத்தொரு வருடம் அடுத்த நாட்டு ராணுவத்தின் ரகசியச் செய்திகளைப் படித்தாள். அக்கம்பக்கத்தார் கேட்டால், "ஃபைல் அடுக்கற வேலைதான்" என்பாள்.

எதிரியின் சோம்பல்தான் அந்த மாடிக்குச் சோறு போட்டது. எப்பேர்ப்பட்ட சங்கேதமானாலும் சரி, எழுதுகிறவன் தினமும் ஒரே வார்த்தையில் தொடங்கினான் என்றால் தொலைந்தான். அந்த இடத்தில் பிடித்து முழுவதையும் உரித்துவிடுவார்கள். உரித்த பிறகு ஒரு விதி உண்டு: படித்ததைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டினால் அவன் பூட்டை மாற்றிவிடுவான். அதனால் எதிரிக் கப்பல் வரும் வழி தெரிந்திருந்தாலும், முதலில் ஒரு விமானத்தை மேலே சுற்றவிடுவார்கள். விமானம்தான் பார்த்துவிட்டது என்று அவன் நம்ப வேண்டும். பிறகுதான் கை வைப்பார்கள்.

நல்ல விதிதான், அலுவலகத்துக்கு.

கணவர் கப்பலில் வேலை பார்த்தார். வருடத்தில் எட்டு மாதம் கடலில். வீட்டில் தாயும் மகளும்தான். இருவரும் விளையாடிய ஒரே விளையாட்டு, எழுத்துக்குப் பதில் எண் போட்டு எழுதுவது. சாப்பாட்டு டப்பாவுக்குள் காலையில் ஒரு சீட்டு போகும், மாலையில் பதில் வரும். "எப்பவும் ஒரே வார்த்தையில ஆரம்பிக்காதேடி, மாட்டிக்குவே" என்று எட்டு வயதிலேயே மகளுக்குச் சொல்லிவைத்திருந்தாள்.

பதினான்கு வயதில் மகளுக்குப் பேச்சு குறைந்தது. ஒரு நாள் துணி மடிக்கிற மேசைமேல் நீல நோட்டு ஒன்று கிடந்தது. உள்ளே பக்கம் பக்கமாக எண்கள். உடும்பின் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு பக்கமும் அதே மூன்று எண்களில் தொடங்கியது. 'அசடு, சொன்னதை மறந்துட்டா' என்று சிரித்துக்கொண்டாள். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் அந்த மூன்று எண்களும் 'இன்று' என்று பிடிபட்டுவிட்டன. பிறகு பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

'இன்று என்னை ஆய்வகத்துச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார்கள். மதியம் முழுக்க. வீட்டில் சொன்னால் இன்னும் மோசமாகும் என்றார்கள்.'

வகுப்பில் மூன்று பெண்கள். மறுநாளும் அதே அறை, அதற்கு மறுநாளும் அதே.

பெற்ற மனம் பித்து என்பார்கள். இவளுடைய மனமோ அந்த நேரத்திலும் மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்தது. நேரே பள்ளிக்கூடத்துக்கு ஓடினால் நோட்டைப் படித்தது தெரிந்துபோகும். மகள் எழுதுவதை நிறுத்திவிடுவாள். அப்புறம் எதுவுமே தெரியாமல் போகும். ஆகவே ஒரு விமானம் வேண்டும். அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் வருகிறது, அங்கே ஆசிரியை சொல்லித் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளலாம். இப்படி முடிவு செய்து, நாற்பது நாள் தினமும் படித்தாள். படித்துவிட்டு, நோட்டு எந்தக் கோணத்தில் கிடந்ததோ அதே கோணத்தில் திருப்பி வைத்தாள். அதில் கெட்டிக்காரி.

நாற்பத்தோராம் நாள் மகள் சாமான் அறைச் சன்னல் வழியாக இறங்கப் பார்த்து விழுந்தாள். வலது மணிக்கட்டு நொறுங்கியது. கூட்டத்துக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி.

மருத்துவமனையில் இவள் செய்ததைத்தான் சொல்ல நாக்கு கூசுகிறது. கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல, "ஏன்டி முதல்லயே எங்கிட்ட சொல்லலை?" என்று அழுதாள். மகள் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

பள்ளிக்கூடம் மாற்றினார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். எலும்பு கோணலாகக் கூடியது. மகள் இடது கையால் புதிய நோட்டில் எழுத ஆரம்பித்தாள். அலமாரியில் திறந்தேதான் வைத்திருந்தாள். அதில் எந்த இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தொடங்கவில்லை. ஒரு வருடம் முட்டிமோதியும் உடும்பால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

பன்னிரண்டு வருடம் அந்தக் குற்றம் அவளை அரித்தது. ஓய்வு பெற்ற வாரத்தில் மகள் வீட்டுக்குப் போனாள். சமையலறையில் மகள் ஒரு பாட்டிலை மடக்க முடியாத வலது கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் தாங்கவில்லை.

"அந்த நீல நோட்டை நான் படிச்சேன்டி. நாப்பது நாளும் படிச்சேன். தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்துட்டேன். பாவி நான்."

"தெரியும்மா."

"எப்படித் தெரியும்? வச்சது வச்ச மாதிரிதானே வச்சேன்?"

"ஒரே வார்த்தையில ஆரம்பிக்காதேன்னு சொன்னதே நீதானே. அதை நான் மறந்துட்டேன்னா நினைச்சே?" மகள் பாட்டிலைக் கீழே வைத்தாள். "வாயால சொல்லப் பயமா இருந்துச்சு. நீ படிக்கணும்னுதான் அப்படி எழுதினேன். நீ துணி மடிக்கிற மேசையில கொண்டுவந்து வச்சேன். இன்னிக்காவது அம்மா வருவான்னு அந்த ரூம்ல உக்காந்து கதவையே பார்த்துக்கிட்டிருப்பேன்."

தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகை ஓய நேரமாயிற்று. மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கிக் கேட்டாள்.

"அப்புறம் ஒரு நோட்டு எழுதினியே... அதுல என்னம்மா இருந்துச்சு?"

மகள் டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அது உனக்கு எழுதினது இல்லம்மா" என்றாள்.