பஞ்சு ஒட்டிய வெள்ளை டேப்

நாலாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். ஆனாலும் காற்று ஒழுகாத வீடு வேண்டுமென்றால் இந்தக் குளிர் ஊரில் என்னைத்தான் தேடி வருவார்கள். சுவருக்குள் பஞ்சு அடைத்து, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டு, எரிபொருளை மிச்சம் பிடிக்கிற வீட்டுக்கு வருமான வரியில் கழிவு என்று சட்டம் வந்தபோது, படித்தவர்கள் அதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வேலைக்கு வேன் வாங்கிவிட்டேன்.

பஞ்சு அடைத்தவன் என் தங்கை புருஷன். தலை, புருவம் எல்லாம் வெள்ளையாக வீடு திரும்புவான். "காலையில இளசாப் போறாரு, சாயங்காலம் கிழவனா வர்றாரு அண்ணே" என்பாள் தங்கை. ஊரே அவனைப் பஞ்சு என்றது. அவன் அடைத்த சுவரில் எறும்பு நுழையாது. ஆள் பார்த்து வைத்தவன் நானல்லவா!

கழிவு கிடைக்க வீடு சோதனையில் தேற வேண்டும். அதிகாரி வாசலில் பெரிய மின்விசிறியை மாட்டி உள்காற்றை உறிஞ்சி, வெளிக்காற்று எங்காவது ஒழுகி வருகிறதா என்று பார்ப்பார். அதற்கு முன் நாங்கள் வேண்டுமென்றே விட்ட துவாரங்களை டேப்பால் மூடுவோம். அதில் குளியலறை கேஸ் ஹீட்டரின் புகைக்குழாயும் ஒன்று. சோதனை முடிந்ததும் உரித்துவிட வேண்டும். மறந்து ஹீட்டரைப் பற்றவைத்தால் விஷவாயு உள்ளேயே நிற்கும். வாடை வராது. ஆள் போய்ச் சேர்வதுதான். அதனால் நான் வைத்த சட்டம்: சிவப்பு டேப்தான் ஒட்ட வேண்டும், ஒட்டின கையே உரிக்க வேண்டும்.

வரி ஆண்டின் கடைசி நாள். கழிவுக்கு ஆசைப்பட்டவர்கள் எல்லாம் அன்றைக்கே தேற வேண்டுமென்று கழுத்தைப் பிடித்தார்கள். பஸ் டிரைவர் வீட்டில் சோதனை நடந்தபோது டிரைவர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் இருந்தாள். சோதனைக்காகக் காலையிலிருந்து ஹீட்டரை அணைத்து வைத்திருந்தோம். நல்ல குளிர். "இனிமேலாவது வெந்நீர்ல குளிக்கலாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். குளிக்கலாம் என்று சொன்னவன் பஞ்சு.

சொல்வதற்கு முன் வழக்கம்போல வீட்டைச் சுற்றி வந்து, கண்ணில் பட்ட சிவப்பையெல்லாம் உரித்திருந்தான். அவன் கண் சிவப்பைத் தேடிப் பழகிய கண். கடைசியில் ஒட்டிய புகைக்குழாய்க்குச் சிவப்பு தீர்ந்துபோய் வெள்ளை டேப் ஒட்டியிருந்தான். வெள்ளைச் சுவரில் வெள்ளை டேப்.

அடுத்த தெருவில் அடுத்த வீடு. ஒட்டுவதற்காகப் பையில் கைவிட்டவன் வெள்ளைச் சுருளை எடுத்தான். அதைப் பார்த்தபடியே நின்றான்.

"மச்சான், அந்தம்மா குளிக்கப் போயிருக்கும்" என்றான். அவ்வளவுதான், ஓடினான். நான் டிரைவருக்கு போன் போட்டேன். பஸ் ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார், நல்ல மனிதர். நான் போய்ச் சேர்ந்தபோது பஞ்சு குளியலறைக் கதவை உடைத்து அவளைக் கூடத்தில் கிடத்திப் போர்வை போர்த்தியிருந்தான். முகம் ரோஜா நிறத்தில் இருந்தது. உயிர் இருக்கிறதென்று ஒரு நொடி நம்பினேன். இல்லை.

விசாரணையில் யார் ஒட்டியதென்று கேட்கும் முன்பே "நான்தான்" என்றான். பெரிய வக்கீலை வைத்தேன், ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றினேன். அவனுடைய வேலை உரிமம் போயிற்று. டிரைவருக்கு வரிக்கழிவும் வந்தது. வீடு தேறியது தேறியதுதானே.

அதற்குப் பிறகு பஞ்சு வேறு வேலை பார்க்கவில்லை. குளிர் தொடங்கினால், நாங்கள் அடைத்த வீடுகளுக்கெல்லாம் நடந்தே போய் ஒவ்வொரு புகைக்குழாயிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். "உம் புருஷன் சுவருக்கு நாடி பாக்குறாருடி" என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. டிரைவர் வீட்டுக்கும் போவான். டிரைவர் ஜன்னலுக்குப் பின்னாலேயே நிற்பார்.

போன குளிரில் நானும் கூடப் போனேன். அன்று டிரைவர் வெளியே வந்தார்.

"ஹீட்டரக் கழட்டிட்டேன். ஓட்டையையும் செங்கல் வச்சு அடைச்சாச்சு. இனி இங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, நீங்க வர வேண்டாம்."

பஞ்சு தலையாட்டினான். ஆனாலும் பக்கச் சுவருக்குப் போய், சிமென்ட் பூசிய இடத்தில் கையை வைத்தான். டிரைவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எத்தனையோ பேரை வேலை வாங்கியவன் நான். அந்தக் கையை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.