சித்திக்கு மாமா கொடுத்த பதவிகள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டம் படித்தவர் சித்தி. அதை முதலில் பயன்படுத்தப் பார்த்தவன் நான். அவர் கொழும்பில் எல்.எல்.பி. பாஸாகிவிட்டார் என்ற செய்தி தெஹியோவிட்ட பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்த மறுநாளே, என்னை அடித்தால் கேஸ் போடுவோம் என்று வாத்தியாரிடம் அறிவித்தேன். அவர் இரண்டு அடி கூடுதலாகப் போட்டார். கேஸ் எதுவும் பதிவாகவில்லை.

மாமா என்னைவிடப் பெரியவர். தப்பையும் பெரிதாகவே செய்தார். அவர் சித்தியின் அண்ணன், தோட்டத்தில் கங்காணி. கங்காணிக்கு மேல் கணக்கப்பிள்ளை, அவருக்கு மேல் சின்னதொரை, உச்சியில் பெரியதொரை. உலகத்தில் எந்த வேலையும் இப்படித்தான் என்பது அவர் எண்ணம். தாத்தா காலத்தில் பிரஜாவுரிமைக்காக, லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்கள் அலைந்தபோது லோயர்களில் இரண்டு வகை இருந்தார்களாம். புரொக்டர் எழுதிக் கொடுப்பார், அட்வகேட் எழுந்து பேசுவார். ஆக, புரொக்டர் சின்னதொரை, அட்வகேட் பெரியதொரை என்று மாமா முடிவு கட்டிவிட்டார்.

சித்தி லீவில் வரும் நாளுக்காக டவுனில் ஒரு போர்டு எழுதுவித்தார். சித்தியின் பெயர், பின்னால் எல்.எல்.பி., புரொக்டர், அட்வகேட், சட்டத்தரணி. தங்கச்சிக்கு எந்தப் பதவியும் குறைந்துவிடக் கூடாது. பெயின்ட் காய்வதற்குள் லயத்து வாசலில் மாட்டியாயிற்று.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த சித்தி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அண்ணே, இத யாரு எழுதச் சொன்னா?"

"நாந்தான். ஏன், எழுத்து சின்னதா இருக்கா?"

"புரொக்டர், அட்வகேட்டுன்னு இப்ப யாருமே இல்லண்ணே. நா பொறக்கிறதுக்கு முன்னயே ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க. இப்ப எல்லாரும் சட்டத்தரணிதான். நா இன்னும் அதுவும் இல்ல. லோ காலேஜ் சோதனை இருக்கு, வேல பழகணும், சத்தியப்பிரமாணம் எடுக்கணும்."

"அப்ப நாலு வருஷமா படிச்சது?"

"அது பட்டம். அத வச்சுக்கிட்டு கோர்ட்டுல வாயத் தொறக்க முடியாது."

அந்த நேரம் பார்த்துக் கணக்கப்பிள்ளை வந்தார். மாமா வழக்கம்போல மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, "வாங்க ஐயா" என்றார். அவர் மகன் சட்டம் படிக்க எழுதிய சோதனையில் தவறியவன். போர்டை எழுத்துக் கூட்டுவதுபோல் நிதானமாக வாசித்தார்.

"பரவாயில்லயே கங்காணி! சத்தியம் எடுக்க முந்தியே போர்டா? யாராச்சும் பெட்டிசம் போட்டுறப் போறாங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டு பெட்டிசம் என்றால், உறைக்கு முத்திரை ஒட்டியாயிற்று என்று அர்த்தம். பொய்யாகப் பதவி போட்டுக்கொண்டாள் என்று கொழும்புக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனால், சித்தி சட்டத்தரணி ஆகாமலே போகலாம்.

மாமா போர்டைக் கழற்றி மண்ணெண்ணெயைக் கொண்டுவந்தார். நானும் துடைத்தேன். பாதி பெயின்ட் என் மேல்தான் ஏறியது. நாட்டின் கடைசி அட்வகேட் என் பள்ளிக்கூடச் சட்டை. எல்.எல்.பி.யையும் துடைக்கப் போன என் கையை மாமா தட்டிவிட்டார்.

"அது பொய்யில்லடா, இருக்கட்டும்." பிறகு சித்தியைப் பார்த்தார். "அப்ப ஒங்கள்ல யாரு யாருக்குத் தொரை?"

"யாரும் யாருக்கும் தொரை இல்லண்ணே. சீனியர் ஜூனியர் உண்டு. பேரு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"சீனியர் கெழவன் ஆனாலுமா?"

"ஆனாலும்தான்."

மாமா மிச்சமிருந்த சட்டத்தரணியையும் அழுத்தித் துடைத்தார்.

சாயங்காலம் கணக்கப்பிள்ளை மறுபடியும் அந்தப் பக்கமாக வந்தார். பெட்டிசத்துக்கு வேண்டிய சொல் ஒன்றுகூட, திரும்ப மாட்டிய போர்டில் மிச்சமில்லை. பெட்டிசமும் போகவில்லை; பிற்பாடு சித்தி முறைப்படி சத்தியப்பிரமாணம் எடுத்தார். ஆனால் அன்றைக்கு மாமா, மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிடாமலே வாசலுக்கு வந்து, "நல்லா பாருங்க கணக்கப்பிள்ளை, இப்ப சரியா?" என்றார்.

கணக்கப்பிள்ளைக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாமா மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, பள்ளிக்கூட நாடகத்தில் வசனம் எடுத்துக் கொடுப்பதுபோல, நான் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னேன்: "ஐயா... ஐயான்னு சொல்லுங்க மாமா."