சக்கரத்தில் சுற்றிய கயிறு

வில்லியனூர்க் கடைத்தெருவில் ஒரு லாரியின் முகப்பில் கறுப்புக் கயிறு தொங்கக் கண்டால், இன்றைக்கும் எனக்குத் தேங்காய்நார் கருகும் வாடை வந்துவிடுகிறது. கண் திருஷ்டிக்குக் கட்டுகிற கயிறு. இப்போது சாயம் தோய்த்துக் கடையில் விற்கிறார்கள். எங்கள் மாமாவின் லாரியில் கட்டியிருந்தது சாயத்தில் கறுத்ததல்ல, நெருப்பே இல்லாமல் தீய்ந்து கறுத்தது.

மாமா என்றால் என் அக்காள் வீட்டுக்காரர். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம் அது. வில்லியனூரில் ஓர் அரிசி மில்லின் இன்ஜின் கொட்டகையில் நான் வேலை பார்த்தேன். அதே முதலாளியின் லாரிக்கு மாமா டிரைவர். டீசலை அப்போது குருடாயில் என்போம். சுற்று வட்டாரத்தில் குருடாயிலில் ஓடிய லாரி எங்களுடையது ஒன்றுதான். அதை ஓட்டுகிறவர் என்பதால் கல்யாண வீடுகளில் மாமாவுக்கு முதல் பந்தியிலேயே இலை விழும். அக்காளுக்கு அதில் அடக்கமுடியாத பெருமை, எனக்கும்தான்.

ஓர் அறுவடைக் காலத்தில் லாரி சுணங்க ஆரம்பித்தது. பாகூரில் நெல்மூட்டை ஏற்றினால் ஏரிக்கரை மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். பாதி மேட்டில் நின்றுவிடும். மூட்டைக்காரர்கள் குதித்துத் தள்ளுவார்கள். "மேட்டுல மூச்சு வாங்குது மொதலாளி" என்றார் மாமா. "வண்டிக்கு வாங்குதா, ஒனக்கு வாங்குதாடா?" என்று கேட்டார் முதலாளி. புதுச்சேரியிலிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்து, லாரியின் பலத்தை அளந்து பார்ப்பதென்று முடிவாயிற்று. வண்டியில் குறை இருந்தால் பழுது பார்ப்பது, இல்லையென்றால் மாமாவை வீட்டுக்கு அனுப்புவது.

லாரியின் பின்பக்கத்தில் வலது சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரைக் கழற்றினார்கள். உள்ளே இருந்த இரும்பு உருளையில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு, மறுமுனையை இழுவையைக் காட்டும் வில்தராசில் மாட்டினார்கள். இன்ஜின் உருளையைச் சுழற்றும், கயிறு இறுக்கிப் பிடிக்கும். எவ்வளவு பிடியை மீறிச் சுழல்கிறதோ அதுதான் அதன் பலம். கிணறு இறைக்கும் இன்ஜின்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சோதிப்பார்கள். ஆனால் கிணற்று இன்ஜினின் சக்கரம் வெறும் இரும்பு. லாரி உருளைக்குள்தான் பிரேக் பட்டை உட்கார்ந்திருக்கிறது. அதை அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

தொடங்குமுன் இன்ஜினியர் குருடாயில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். உள்ளே சேறாக இருந்தது. மேட்டில் மூச்சு வாங்கிய நோய் பாதி அந்தக் கழுவலிலேயே தீர்ந்திருக்கும். அதை எடுத்துச் சொல்ல ஒரு வாயும் திறக்கவில்லை. இன்ஜின் உறுமியது. கல்லுக்குமேல் கல் ஏற்றினார்கள். கயிறு புகைந்தது, நெல் அவிக்கும் பெண்கள் குடத்தோடு வந்து தண்ணீர் ஊற்ற ஊற்ற, உருளை பாம்பு மாதிரி சீறியது. கொட்டகை ஓரம் கட்டியிருந்த மாடுகள் தும்பை இழுத்துக்கொண்டு கத்தின. தராசு முள்ளைப் பார்த்து இன்ஜினியர் தலையசைத்தார். லாரிக்கு யானை பலம் என்றார். முதலாளி மாமாவைப் பார்த்துச் சிரித்தார். "குதிர நல்லாத்தான் கீது. ஏறி ஒக்கார்றவன்தான் சரியில்ல."

மாமா குனிந்து உருளையின் ஓரத்தை விரலால் தடவி, முகர்ந்து பார்த்தார். "கிரீசு உருகின மாதிரி கீது மொதலாளி. தொறந்து ஒருவாட்டி பாத்துட்றேன்." முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ராகுகாலம் வர்றதுக்குள்ள கெளம்புடா. இன்னிக்கு மூட்டயோட மேடு ஏறலன்னா நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வராத." டயரை மாட்டினார்கள். கருகிய கயிறு கீழே கிடந்தது. கறுப்பாகத்தானே இருக்கிறது, இதுவே திருஷ்டிக்கு ஆகும் என்று கணக்கப்பிள்ளை அதை லாரியின் முகப்பில் கட்டினார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாமா அதை நசுக்கிக்கொண்டு புறப்பட்டார். "சோத்துக்கு வந்துட்றேன்னு அக்காகிட்ட சொல்லு மச்சான்" என்றது மட்டும் காதில் விழுந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரம் ஒருவருடையது, போன உயிர் இன்னொருவருடையது. மூட்டைகளோடு லாரி ஏரிக்கரையில் ஒரே மூச்சில் ஏறியதாம். மேலே உட்கார்ந்திருந்த மூட்டைக்காரர்கள் சீட்டியடித்தார்களாம். இறக்கத்தில் மாமா பிரேக்கை மிதித்தார். இடது சக்கரம் பிடித்தது. சோதனை செய்த வலது சக்கரத்தில் அந்தச் சூட்டுக்கு அச்சு கிரீஸ் உருகிப் பிரேக் பட்டையில் இறங்கியிருந்ததால் அது வழுக்கியது. வண்டி இடப்பக்கம் திரும்பி ஏரிக்குள் பாய்ந்தது. மற்றவர்கள் குதித்துவிட்டார்கள். மாமாவை மூட்டைகளுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள்.

அவர் துண்டோடு அந்தக் கயிற்றையும் யாரோ கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டார்கள். அக்காள் அழுது ஓய்ந்தபின் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "எவ்ளோ இழுக்கும்னு அத்தினி பேரு நின்னு பாத்தீங்களேடா. நிக்குமான்னு ஒருத்தரும் பாக்கலியா?" முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி. மில்லிலிருந்து அதுவரை வீட்டுக்கு வந்தது நான்தான், என்னிடம் கேட்டாள்.

போன வாரம் கடைத்தெருவில் புது லாரி ஒன்று நின்றது. முகப்பில் புதுக் கறுப்புக் கயிறு. டிரைவர் சின்ன வயசு, டீ குடித்துக்கொண்டிருந்தான். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று கேட்டேன். "இன்னா பெர்சு இப்டி கேட்டுட்ட? எந்த மேடா இருந்தாலும் சும்மா இழுத்துக்கினு போவும்" என்று சிரித்தான்.