ரோஸின் தம்பிக்குப் புகையிலை

முதலில் முகம்தான் வீங்கியது. வன்னியில் இருந்த என் தம்பியின் தொலைபேசி நின்றுபோன மாதங்கள் அவை. அழுகையால் வந்த வீக்கம் என்று இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன.

வாரம் மூன்று நாள் டயலிசிஸ் (இயந்திரம் இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்திகரித்துத் திருப்பி அனுப்புவது). நீங்களும் தொடங்கப்போகிறவர் என்றால், ஊசிக்குப் பயப்படாதீர்கள். பக்கத்து நாற்காலியில் நல்ல மனிதர் வாய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ரோஸ் வாய்த்தாள். நாங்கள் வந்து குடியேறிய இந்தக் குளிர்தேசத்தின் பூர்வகுடிப் பெண், அறுபதைத் தாண்டிய பகிடிக்காரி. என் மெஷின் கத்தினால், "அதற்குப் பசிக்கிறது" என்பாள்.

சிறுவயதில் தேவாலயத்தார் நடத்திய விடுதிப் பள்ளியில் இருந்ததாக ஒருநாள் சொன்னாள். துணைக்கு வந்திருந்த என் கணவருக்கு முகம் மலர்ந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷன் போர்டிங்கில் படித்தவர் அவர். அந்தப் பெருமையைப் பேசாமல் ஒரு கல்யாண வீட்டிலிருந்தும் திரும்பியதில்லை. "குடுத்து வைச்சனீங்கள்" என்று அவளை ஆங்கிலத்தில் வாழ்த்தினார்.

ரோஸ் அவரையே பார்த்தாள். "அரசாங்க ஆட்கள் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் பாஷை பேசினால் அடி. தம்பி பீற்றர் அங்கே காசநோயில் செத்தான். எங்கே புதைத்தார்கள் என்று அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. போன வருடம் அரசு மன்னிப்புக் கேட்டது. அப்போதும் பீற்றர் எங்கே என்று சொல்லவில்லை."

வீட்டுக்கு வரும் வழியில் கணவர் இரண்டு திருப்பங்களைத் தவறவிட்டார். கராஜில் காரை நிறுத்திவிட்டுத்தான், "நான் என்ன கதை கதைச்சுப்போட்டன், பாருமப்பா" என்றார்.

மே மாதம் போர் முடிந்தது. தம்பியைப் பற்றித் தகவல் இல்லை. டயலிசிஸ் நாற்காலியில் கிடந்து அழுதேன். ரோஸ் கையை நீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் சரியாகும் என்று அவள் சொல்லவில்லை. அதற்காகவே அவளை நேசித்தேன்.

அடுத்த மாதம் டொக்டர் அவளிடம், இதயம் பலவீனமாகிவிட்டது, நீண்ட பயணங்கள் வேண்டாம் என்றார். இறந்தவர்களுக்குப் புகையிலை வைப்பது ரோஸின் சனத்தின் வழக்கம்.

"பீற்றருக்கு வைக்காமல் நான் போகமாட்டேன்" என்றாள் ரோஸ்.

"நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார் கணவர், நான் வாய் திறக்குமுன்.

டயலிசிஸ் இல்லாத நாளில், பிறம்ரன் நகரைத் தாண்டி மேற்கே வெகுதூரம் போனோம். பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டிருந்தார்கள். ஒழுங்காக வெட்டிய வெறும் புல்வெளி. எங்கே வைப்பதென்று தெரியாமல் ரோஸ் மூச்சுவாங்க அங்குமிங்கும் நடந்தாள். கீழே புதைத்த பிள்ளைகளை மிதிக்கிறேனோ என்று ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். கணவர் குனிந்து, கோயில் வாசலில் போலச் சப்பாத்தைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம்.

ஓரிடத்தில் குந்தியிருந்து புகையிலையை வைத்தாள். தன் பாஷையில், சின்னப் பிள்ளையோடு பேசும் குரலில், நெடுநேரம் பேசினாள். பிறகு என் உள்ளங்கையிலும் கொஞ்சம் வைத்தாள்.

"உன் தம்பிக்கு."

வைத்தால் அவன் இல்லை என்று ஆகிவிடும். கையை மூடிக்கொண்டேன். ரோஸ் வற்புறுத்தவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவள் இறந்தாள். சில வருடங்களில் எனக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது, யாரோ இறந்தவருடையது. தம்பிக்கு இன்றும் முப்பத்திரண்டு வயதுதான். நான் மட்டும் கிழவியாகிக்கொண்டு வருகிறேன். புதுச் சிறுநீரகம் பொருத்திய அடிவயிற்றில் வலப்பக்கம் தொட்டால் மேடு தட்டுகிறது. முன்பின் அறியாத ஒருவர் எங்கே இருக்கிறார் என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். என் தம்பியை முடியாது.