கூட்டுக் கணக்கில் அமெரிக்கா

அப்பா அமெரிக்காவில், ஒஹாயோவில் படித்துக்கொண்டிருந்தபோது நான் பிறந்துவிட்டேன்; அதனாலேயே அந்த நாட்டுக் குடிமகளும் ஆகிவிட்டேன். நடக்கப் பழகுவதற்குள் சென்னைக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். அந்த நாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அதற்குத்தான் என்மேல் அபார ஞாபகம். உலகத்தின் எந்த மூலையில் நான் வங்கிக் கணக்குத் திறந்தாலும் அதற்குத் தெரிய வேண்டுமாம். என்ன ஒரு கரிசனம்!

கல்யாணமாகிக் கனடாவுக்கு, மொன்றியல் வந்த புதிதில் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு வங்கிக்குப் போனேன். பிறந்த இடத்தைப் பார்த்ததும் கவுண்டர் பெண்ணின் புன்னகை சுருங்கியது. தொற்றுநோய் ஏதும் உண்டா என்று விசாரிக்கும் குரலில், நான் அமெரிக்கரா என்று கேட்டாள். அன்றிலிருந்து, பெரிதாக ஒன்றும் சேர்க்கவில்லை என்று அமெரிக்காவுக்குச் சொல்வதற்கே வருடாவருடம் ஒரு கணக்காளருக்குத் தண்டம் அழுகிறேன்.

என் மாமியார் யாழ்ப்பாணத்துக்காரர். மகன் சென்னைப் பெண்ணைக் கட்டியதில் கல்யாணத்தன்றே மூக்கைச் சிந்தியவர். முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் என்னைத்தான் கூப்பிட்டார்.

"பிள்ளை, என்ர கணக்கில உம்மட பேரையும் போடுவம். நான் ஆஸ்பத்திரியில கிடந்தா நீர் எடுத்துச் செலவழியும். அவன்ர கையில காசு நிக்காது."

அவன் என்றது என் கணவரை. பக்கத்து ஊரான புரோசார்டில் இருக்கும் சொந்த மகளைக்கூட அவர் கேட்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே போய்க் கையெழுத்துப் போட்டோம்.

கணக்காளர் வாயைத் திறந்தார். கூட்டுக் கணக்கும் சேர்த்தியாம், மாமியின் முழுச் சேமிப்பையும் அமெரிக்காவுக்குச் சொல்ல வேண்டுமாம். மாமியிடம் மறைத்திருக்கலாம். மனம் கேட்கவில்லை, அவரிடம் சொல்லிவிட்டேன்.

"நான் மிச்சம் பிடிச்ச காசை அவையளுக்கு ஏன் சொல்ல வேணும்?"

"வரியெல்லாம் கேக்க மாட்டாங்க மாமி. விவரம் மட்டும்தான்."

"ஊரிலயும் சண்டை நேரம் முதல்ல விபரம் மட்டும்தான் கேட்டவை."

அந்த வாரமே என் பெயரை நீக்க வங்கிக்குப் போனோம். ஏன் நீக்குகிறோம் என்று கவுண்டரில் இருந்த பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். மாமிக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. மொழிபெயர்க்க நான்தான் வாய்த்தேன்.

"இந்தப் பிள்ளையில ஒரு குறையும் இல்லை, அவவின்ர நாடுதான் சரியில்லை எண்டு சொல்லும்."

சொந்தக் காரணம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். என் இடத்தில் புரோசார்ட் மகள் பெயர் ஏறியது.

ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனது என்னவோ நான்தான். வீடு திரும்பிய அன்று, நான் கார் நிறுத்தக் கட்டிய பணத்தை மகளிடம் வாங்கி என் கையில் வைத்தார் மாமி. வெளியாளுக்குக் கொடுப்பதுபோல் இருந்தது. "எதுக்கு மாமி இதெல்லாம்?" என்று திருப்பி நீட்டினேன்.

"வைச்சிரும். பேந்து உம்மட ஆக்கள் கணக்குக் கேப்பினம்" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.