நமுனுகுல மலையில் இரண்டு பெட்டிப் புல்

ஊர் சுற்றி எழுதுகிற எனக்கு நடுவர் வேலை வருமென்று நினைத்ததே இல்லை. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் தர்ஷினி இந்த வலைப்பதிவை வாசிப்பவள். நான் கொழும்பில் உயிரியல் படிப்பிப்பது தெரிந்து எழுதியிருந்தாள்: "மிஸ், எனக்கும் அப்பாவுக்கும் ஒரு பந்தயம். நீங்க வந்து தீர்ப்புச் சொல்லணும்."

சாதாரண தரப் பரீட்சையை நன்றாகச் செய்தவளுக்கு அடுத்து உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்க ஆசை. அதற்குப் பதுளையில் தங்க வேண்டும்; பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவு மட்டும்தான். அப்பா செல்வராஜ் தோட்டத்தில் களைக்கு மருந்து அடிப்பவர். அவளுடைய புத்தகத்தைப் புரட்டியவர் பரிணாமத்தில் பிடித்துக்கொண்டார். யாருமே பார்க்காத கதையைப் படிக்கவா பதுளைக்கு அனுப்புவது? கண்ணெதிரே காட்டு, அனுப்புகிறேன் என்றுவிட்டார். எந்தப் பிரிவு என்று திங்கட்கிழமை பாடசாலைக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் போனது ஞாயிற்றுக்கிழமை.

பதுளையிலிருந்து காலை ஏழு மணி பஸ். பசறைக்கு ஏறக்குறைய இருபது கிலோமீற்றர், ஒரு மணி நேரம். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான், பனியில் எதுவும் தெரியாது. பசறையிலிருந்து ஆட்டோ, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். "லயத்துல சுத்திப் பார்க்க என்னங்க இருக்கு?" என்றார் டிரைவர். புல் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியில் என்னை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

தர்ஷினி இரண்டு ஐஸ்கிரீம் பெட்டிகளில் ஒரே வகைப் புல்லை வளர்த்திருந்தாள். ஒன்றின் விதை, வருடக்கணக்காக மருந்து அடித்த தேயிலை மலையிலிருந்து. மற்றது, மருந்தே படாத கோயில் பின்புறத்திலிருந்து. புதன்கிழமை செல்வராஜே இரண்டுக்கும் ஒரே மருந்தை ஒரே அளவில் அடித்தார். இப்போதெல்லாம் மலையில் புல் சாகாததற்குக் காரணம் மருந்தில் கலப்படம் என்பது அவர் கட்சி. அப்படியானால் இரண்டு பெட்டியும் பிழைக்க வேண்டும். மருந்துக்குத் தப்பிய புல்லின் வாரிசுகள்தான் மலையில் பெருகிவிட்டன, அதுதான் பரிணாமம் என்பது மகளின் கட்சி. அது சரியென்றால், கோயில் புல் மட்டும் சாகும். தான் தோற்பதற்கும் வழி விட்டிருந்தாள் அந்தப் பெண். சோதனை என்றால் அதுதான்.

தோட்டத்துச் சந்தியில் காத்திருந்த தர்ஷினியையும் அவள் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு நான் போய் இறங்கியபோது லயத்து வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்துப் பளிச்சென்று இருந்தது. கழுவிய இரண்டு பெட்டிகள் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன.

"கொழும்புலருந்து டீச்சர் வாறாங்க, வாசல்ல புல்லு கெடந்தா என்ன நெனைப்பாங்கன்னு புடுங்கிட்டேங்க" என்றார் தர்ஷினியின் அம்மா. வாரமெல்லாம் தோட்டத்தில் களை பிடுங்குகிற கை. என்ன செய்துவிட்டோம் என்பது மகளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. பிடுங்கியதெல்லாம் ஒரே குவியலாக வெயிலில் வதங்கிக் கிடந்தது. எது எந்தப் பெட்டிப் புல் என்று கடவுளுக்கே தெரியாது.

"நேத்தே கோயில் புல்லு மஞ்சளாயிருச்சு மிஸ்" என்றாள் தர்ஷினி.

"தண்ணி பத்தலைன்னா எந்தப் புல்லும் மஞ்சளாத்தான் போகும்" என்றார் செல்வராஜ். கோபமாகச் சொல்லவில்லை.

இன்னொரு முறை விதைத்துப் பார்க்கலாமே என்றேன். "நாளைக்குத் திங்கக்கெழமைங்க" என்றார் செல்வராஜ்.

தர்ஷினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க சொல்லுங்க மிஸ்."

ஒரு பொய் போதும், பிள்ளை பதுளைக்குப் போயிருப்பாள். ஆனால் அந்தப் பொய்யோடு அவளுடைய சோதனைக்கு என்ன மதிப்பு? "உன் முறை சரிம்மா. ஆனா நான் கண்ணால பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்ல முடியாது" என்றேன்.

"அதத்தானேங்க நானும் ஆரம்பத்துலருந்து சொல்றேன்" என்றார் செல்வராஜ்.

அவர்கள் கொடுத்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும் வழியெல்லாம் அழுகையாக வந்தது. திங்கட்கிழமை மாலை அவளிடமிருந்து செய்தி வந்தது: "கலைப்பிரிவு, மிஸ்."

போகிறவர்களுக்கு: குடை அவசியம். பசறையில் இறங்கியவுடனே திரும்பும் பஸ்ஸை விசாரித்து வையுங்கள். லயத்தில் யாரையாவது பார்க்கப் போவதானால், வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். உங்களுக்காக வாசலைச் சுத்தம் செய்துவிடுவார்கள்.